தொழில்நுட்பம், நவீனக் கலை, ‘நான்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில்நுட்பமும் மனித அடையாளமும் பற்றிய கலை என்றால், கணினியில் வரைந்த படங்களா?

இல்லை. கணினியில் வரைந்த பூக்கூடையும் பூக்கூடைதான். இங்கே பேசுவது, கேமரா, தொலைக்காட்சி, அறுவை சிகிச்சை, இணையம், முகமறியும் மென்பொருள் எல்லாம் வந்த பிறகு ‘நான் யார்’ என்ற கேள்வி என்ன ஆயிற்று என்று பார்க்கும் படைப்புகளைப் பற்றி. அவற்றில் சிலவற்றுக்கு மின்சாரமே தேவையில்லை. மிகப் பழையவற்றுள் ஒன்று மரத்தலை.

அப்படியானால் இது இணையத்துக்கு முன்பே தொடங்கிவிட்டதா?

வெகு முன்பே. ஜேக்கப் எப்ஸ்டீன் என்ற சிற்பி 1913-இல் லண்டனில் ‘பாறைத் துளைப்பான்’ என்ற சிலையைத் தொடங்கினார். ஏற்கெனவே பயன்படுத்திய, பாறை உடைக்கும் நிஜக் கருவி ஒன்றை வாங்கி, அதன் மேல் முகமூடி போன்ற தலையோடு ஒரு பிளாஸ்டர் உருவத்தை ஏற்றி வைத்தார். உருவத்தின் விலாவுக்குள் ஒரு கரு. 1915-இல் காட்சிக்கு வந்தபோது இயந்திர யுகத்தின் நாயகன் போல அது நின்றது. அதற்குள் ஐரோப்பா முழுக்க இயந்திரத் துப்பாக்கிகள் இளைஞர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தன. 1916-இல் எப்ஸ்டீன் தானே கருவியைக் கழற்றினார், கால்களை நீக்கினார், கைகளை வெட்டினார், மிஞ்சிய உடற்பகுதியை மட்டும் உலோகத்தில் வார்த்தார். நாயகன் ஊனமுற்ற போர்வீரன் ஆகிவிட்டான். இயந்திரத்தின் மீதான ஆசையும் அச்சமும் ஒரே சிலையில் இவ்வளவு வெளிப்படையாகப் பதிந்திருப்பது அரிது.

முன்பு சொன்ன மரத்தலை, பெர்லினில் ராவுல் ஹவுஸ்மன் 1919–20 வாக்கில் செய்த ‘இயந்திரத் தலை’. முடிதிருத்துபவர்கள் பொய்முடி மாட்டி வைக்கும் பொம்மைத் தலையை எடுத்து, அதன் மேல் அளவுநாடா, அளவுகோல், கடிகாரப் பாகங்கள், மடக்குக் குவளை, 22 என்று எண் எழுதிய அட்டை எல்லாவற்றையும் ஒட்டினார். கண்களில் பார்வை இல்லை. தலைக்குள் ஒன்றும் கிடையாது, வெளியே எது ஒட்டப்பட்டதோ அதுவே இந்த ஆள் என்பது ஹவுஸ்மனின் கிண்டல். அந்த 22 எதற்கு என்று யாரும் கேட்கத் தேவையில்லை. எண் ஒன்று இருந்தால் போதும், ஆள் இருக்கிறார் என்றாகிவிடும்.

இன்னும் ஒன்று. ஜப்பானின் குட்டாய் என்ற கலைஞர் குழுவைச் சேர்ந்த அட்சுகோ தனாகா 1956-இல் ‘மின் ஆடை’ செய்தார். நூற்றுக்கும் மேற்பட்ட வண்ண பல்புகளும் குழல்விளக்குகளும் ஒயர்களும் சேர்ந்த உடை. அதை உடுத்தி நின்றால் முகமும் கையும் தவிர மனிதர் தெரியமாட்டார். பல்புகள் சூடேறும், ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு. விளம்பர விளக்குகள் மின்னும் நகரத்தை ஒருவர் உடுத்திக்கொண்டால் உள்ளே எவ்வளவு இடம் மிஞ்சும் என்று அதற்குப் பிறகு யாராவது இவ்வளவு நேராகக் கேட்டிருக்கிறார்களா, எனக்குச் சந்தேகம்தான்.

அந்தத் தலைமுறையின் கவலை உடல்: மனிதன் இயந்திரம் ஆகிவிடுவானா? இன்றைய கவலை வேறு. நமக்குப் பதிலாக எங்கோ ஒரு பதிவு நிற்கிறது, அதை எழுதியது யார், வைத்திருப்பது யார்? நூறாண்டுக் கலை இந்த இரண்டு கேள்விகளுக்கு இடையில் நகர்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு. கீழே வரும் பதில்களை அந்தக் கணிப்போடு படியுங்கள்.

‘டிவி புத்தர்’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, ஒரு சிலையும் ஒரு டிவியும்தானே?

அதோடு ஒரு கேமராவும். சியோலில் பிறந்து ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இயங்கிய ‘நாம் ஜுன் பைக்’ என்ற கலைஞர் 1974-இல் செய்தது. புத்தர் சிலை, எதிரே டிவி, அதன் பின்னாலிருந்து சிலையை நோக்கும் கேமரா. புத்தர் தன் முகத்தையே நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிலை அசையாது, ஆகவே படமும் அசையாது. ஆனாலும் அது புகைப்படம் இல்லை. ஒவ்வொரு நொடியும் புதிதாக வந்து கொண்டிருக்கும் அசையாத படம். தியானமா, தன்னைத் தானே ரசிப்பதா என்று பைக் சொல்லவில்லை. முன்கேமராவைத் திறந்து தலைமுடியைச் சரிசெய்யும் நமக்கும் அது தெரியாது.

என்னைக் கேட்டால், அதே காலத்தின் இன்னொரு படைப்பு இதைவிடக் கூர்மையானது: புரூஸ் நாமன் 1970-இல் அமைத்த காணொளி நடைவழி. இரண்டு உயரமான சுவர்களுக்கு நடுவே ஒன்பது மீட்டருக்கு மேல் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள இடுக்கு. கடைசியில் தரையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டிவி. ஒன்றில் ஆளில்லாத நடைவழி, முன்பே பதிவு செய்தது. மற்றொன்றில் நேரலை. கேமரா நுழைவாயிலின் மேலே, உங்கள் முதுகுக்குப் பின்னால். உங்களைப் பார்க்கலாம் என்று டிவியை நோக்கி நடப்பீர்கள். நடக்க நடக்கக் கேமராவிலிருந்து விலகுகிறீர்கள், ஆகவே திரையில் சிறுத்துக்கொண்டே போவீர்கள். முகம் தெரியவே தெரியாது, முதுகுதான். நின்று திரும்பிக் கேமராவைப் பார்த்தால் திரை உங்களுக்குப் பின்னால் போய்விடும். உங்கள் பிம்பத்தை உங்கள் கண்ணால் எதிர்கொள்ள முடியாதபடி செய்வதை, கேமராவைப் பொருத்திய இடத்தை வைத்தே சாதித்திருக்கிறார். இதில் எந்த உயர்தொழில்நுட்பமும் இல்லை, கடையில் கிடைக்கும் கேமராதான்.

கையில் காது வளர்ப்பது, தலையில் ஆண்டெனா வைப்பது இதெல்லாம் கலையா, வேடிக்கையா?

வேடிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு இருக்கிறது.

ஆஸ்திரேலியக் கலைஞர் ஸ்டெலார்க் 1980-இல் ‘மூன்றாம் கை’யை முடித்தார். வயிற்றுத் தசையும் கால் தசையும் அனுப்பும் மின் சைகையில் இயங்கும் இயந்திரக் கை அது. மூன்று கைகளாலும் சேர்ந்து ‘பரிணாமம்’ என்று பொருள்படும் ஒன்பது எழுத்து ஆங்கிலச் சொல்லை எழுதிக் காட்டினார். 1996-இல் நிலைமை தலைகீழ்: ‘பிங் உடல்’ நிகழ்வில் இணையத்தில் ஓடும் சமிக்ஞைகள் அவர் தசைகளை மின் அதிர்வால் அசைத்தன. கை தூக்கியது அவர் விருப்பத்தில் இல்லை. பிறகு இடது முன்கையில் அறுவை சிகிச்சையால் ஒரு காதை உருவாக்கினார். அதில் மைக் வைத்து உலகமே கேட்கும்படி இணையத்தோடு இணைப்பது திட்டம். மைக்கையும் வைத்தார்கள், புண் ஆகி எடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தோல்வியும் படைப்பின் பகுதிதான் என்று நினைக்கிறேன். உடல் காலாவதியாகிவிட்டது என்று சொல்லிவந்த கலைஞருக்கு உடலே பதில் சொல்லிவிட்டது.

பிரான்சின் ஓர்லான் 1990-க்கும் 1993-க்கும் இடையில் ஒன்பது அறுவை சிகிச்சைகளைப் பொதுநிகழ்வாக நடத்தினார். மயக்கம் கொடுக்காமல் மரத்துப்போக மட்டும் ஊசி போட்டுக்கொண்டு, கத்தி முகத்தில் இருக்கும்போதே புத்தகம் வாசித்தார். ஒன்று செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பானது. அழகாவதற்கு எல்லோரும் மறைவில் செய்துகொள்வதை, அழகு என்பதே கேள்விக்குறியாகும்படி வெளிச்சத்தில் செய்தது அவர் வேலை. பார்க்கக் கஷ்டமாக இருக்கும். பார்க்காமலும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

நீல் ஹார்பிசன் பிறவியிலேயே வண்ணம் தெரியாதவர். 2004 முதல் மண்டையோட்டில் பொருத்திய ஆண்டெனா வண்ணங்களை ஒலியாக மாற்றித் தருகிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்த புகைப்படத்தில் மின்சாதனம் இருக்கக் கூடாது என்று முதலில் மறுத்தார்கள். அது சாதனம் இல்லை, என் உடல் என்று வாதாடி அனுமதி வாங்கினார். எது உடல், எது பொருள் என்பதை ஓர் அலுவலக மேசையில் முடிவு செய்ய வேண்டி வந்தது. ஆண்டெனாவைவிட அந்தக் கடிதப் போக்குவரத்துதான் எனக்குச் சுவாரசியம்.

சமூக ஊடகத்தில் நாம் காட்டும் முகம் உண்மையா பொய்யா என்று கலைஞர்கள் கேட்டிருக்கிறார்களா?

அந்தக் கேள்வியைக் கேட்டவர் லின் ஹெர்ஷ்மன் லீசன், சமூக ஊடகம் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே. 1973 முதல் 1978 வரை சான் பிரான்சிஸ்கோவில் ‘ராபர்ட்டா பிரைட்மோர்’ என்ற பெண்ணாக அவ்வப்போது வாழ்ந்தார். பொய்முடி, அலங்காரம், நடை எல்லாம் தனி. ராபர்ட்டாவுக்கு ஓட்டுநர் உரிமம் இருந்தது, வங்கிக் கணக்கு இருந்தது. அறையைப் பகிர ஆள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார், பதில் எழுதியவர்களைச் சந்தித்தார். பின்னாளில் வேறு மூன்று பெண்களும் ராபர்ட்டாவாகத் திரிந்தார்கள். கடைசியில் இத்தாலியின் ஃபெராரா நகரில் பேயோட்டும் சடங்கு நடத்தி அவளை முடித்துவைத்தார். இன்று அந்தக் காகிதங்களை மட்டும் ஓர் ஆய்வாளர் பார்த்தால், இருந்த பெண் என்றே சொல்வார். மனிதர் இல்லாமலே ஆவணம் மனிதரை உண்டாக்கிவிடும் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

2014-இல் அமாலியா உல்மன் இன்ஸ்டாகிராமில் சில மாதங்கள் ஒரு கதையை நடத்தினார். பெருநகரத்துக்கு வந்த இளம்பெண், ஆடம்பரம், மார்பக அறுவை சிகிச்சை, சரிவு, மன்னிப்பு, யோகா, மீட்சி. கட்டுப் போட்ட படங்கள் உட்பட அனைத்தும் முன்கூட்டியே எழுதியவை, சிகிச்சை நடக்கவே இல்லை. பின்தொடர்ந்தவர்கள் வாழ்த்தினார்கள், திட்டினார்கள், கவலைப்பட்டார்கள். அவர் ஏமாற்றினார் என்று கோபப்பட்டவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அந்தக் கதையை நம்புவதற்கான வார்ப்பு நம் கையில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

முகமறியும் மென்பொருள் பற்றிய படைப்புகளில் எதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்றால், மெக்சிகோவில் பிறந்த ரஃபேல் லோசானோ ஹெம்மெரின் ‘நம்பிக்கை அளவு’.

2014 செப்டம்பர் 26 இரவு, மெக்சிகோவின் இகுவாலா நகரில் அயோட்சினாபா ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் 43 பேர் கடத்தப்பட்டுக் காணாமல் போனார்கள். ஆறு மாதம் கழித்து, 2015 மார்ச்சில், இந்தப் படைப்பு வெளியானது. திரைக்கு முன் நிற்கிறீர்கள். கேமரா உங்கள் முகத்தைப் பிடித்து, அந்த 43 மாணவர்களின் முகங்களோடு ஒப்பிடுகிறது. யாருடைய முகம் உங்களோடு அதிகம் ஒத்துப்போகிறது, எத்தனை சதவீதம் என்று காட்டுகிறது. காவல் நிலையத்திலும் விமான நிலையத்திலும் சந்தேக நபரைத் தேட உருவான கணக்குமுறைகள் இவை. இங்கே அவை பலியானவர்களைத் தேடுகின்றன. தேடிக்கொண்டே இருக்கும், ஒருபோதும் சரியான ஆளைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் அந்த இளைஞர்கள் கேமரா முன் வந்து நிற்கப் போவதில்லை. உங்கள் முகம் இன்னொருவரின் முகத்துக்குப் பக்கத்தில், ஒரு சதவீதத்தோடு நிற்கும் அந்தச் சில நொடிகளில், இது என் பிள்ளையாக இருந்தால், என் தம்பியாக இருந்தால் என்று தோன்றாமல் இருக்காது. மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக் காட்சிப்படுத்தலாம் என்றும் கலைஞர் விட்டுவிட்டார்.

இரண்டாவது, 2019-இல் டிரெவர் பாக்லென், கேட் கிராஃபோர்ட் இருவரும் வெளியிட்ட ‘இமேஜ்நெட் ரூலெட்’. கணினிகளுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கப் பயன்பட்ட இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பில் கோடிக்கு மேல் படங்கள் உண்டு. பொருள்களோடு மனிதர்களும் அதில் பெயரிடப்பட்டிருந்தார்கள். இணையத்தில் உங்கள் செல்ஃபியை ஏற்றினால் அந்தத் தொகுப்பின் கண்ணில் நீங்கள் யார் என்று ஒரு பெயர் வந்தது. சிலருக்கு விளையாட்டான பெயர், பலருக்கு இனவெறியும் வசையும் கலந்த பெயர். மக்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. தொகுப்பை உருவாக்கியவர்கள் மனிதர்கள் பகுதியிலிருந்து சுமார் 6 லட்சம் படங்களை நீக்குவதாக அறிவித்தார்கள். கலை எதையும் மாற்றாது என்று சொல்பவர்களுக்கு இதை உதாரணமாகக் காட்டலாம், அளவோடு.

ஜாய் புவோலம்வினி ஆய்வாளர், கவிஞரும்கூட. டிம்னிட் கெப்ருவோடு சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வணிக மென்பொருள்கள் கருநிறப் பெண்களின் பாலினத்தைச் சொல்வதில் 34.7 சதவீதம் வரை தவறின. வெண்ணிற ஆண்களுக்கு அது 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதே ஆண்டு கவிதைக் காணொளி ஒன்றில் ஓப்ரா வின்ஃபிரே, மிஷெல் ஒபாமா போன்றோரின் படங்களைக் கொடுத்து, இயந்திரம் அவர்களை ஆண் என்று சொல்வதை அப்படியே காட்டினார். எண்ணால் சொன்னதை முகத்தால் சொன்னது அது.

கைரேகை பற்றி?

இதற்கு ராக்ஸ் மீடியா கலெக்டிவ் என்ற டெல்லிக் குழுவின் 2011 காணொளி ஒன்று போதும். 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ் கோனாய் என்பவரோடு போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்தோடு நிற்காமல் அவர் உள்ளங்கையையே மையில் தோய்த்துப் பதித்துக்கொண்டார். கைரேகையால் ஆளை அறியும் முறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று அந்தக் கை. ராக்ஸ் குழு அந்தப் பழைய பதிவுக்கு அசைவு கொடுத்தது. விரல்கள் மடங்கி நிமிர்ந்து எண்ணத் தொடங்குகின்றன, எண்ணி முடிவதே இல்லை. எண்ணப்பட்டவர் எண்ணுகிறார். இந்தியாவில் முதல் ஆதார் எண் கொடுக்கப்பட்டது 2010-இல் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், காணொளி எங்கே குறிவைக்கிறது என்று தானாகப் புரியும்.

கேமராவிடமிருந்து தப்பிக்கக் கலை வழி சொல்கிறதா?

முயன்றது. ஆடம் ஹார்வி 2010-இல் முகத்தில் கோணல் வண்ணக் கட்டங்களும் நெற்றியில் விழும் முடிக்கற்றைகளுமாக ஓர் ஒப்பனைமுறை உருவாக்கினார். அன்றைய மென்பொருளால் அதில் முகத்தைக் காண முடியவில்லை. அந்த மென்பொருள் பழையதாகிவிட்டது, புதியவற்றிடம் இந்த ஒப்பனை எடுபடாது என்று ஹார்வியே சொல்கிறார். மனிதக் கண்ணுக்கு இந்த ஒப்பனை பளிச்சென்று தெரியும் என்பது வேறு விஷயம். ஹிட்டோ ஸ்டெயெர்ல் 2013-இல் செய்த காணொளி, காணாமல் போக ஒரு பிக்சலைவிடச் சிறியவராகுங்கள் என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறது.

ஹசன் எலாஹி எதிர்த்திசையில் போனார். வங்கதேசத்தில் பிறந்த இந்த அமெரிக்கக் கலைஞரை 2002-இல் விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். மாதக்கணக்கில் விசாரணை, பொய்யறியும் சோதனைகள். குற்றமற்றவர் என்று விட்டார்கள், ஆனால் விட்டதாக எந்தக் கடிதமும் இல்லை. அவர் தன் நாளையே இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்: இருக்கும் இடம், சாப்பிட்ட தட்டு, போன கழிப்பறை, ஆயிரமாயிரம் படங்கள். பெரும்பாலானவற்றில் அவர் முகமே இருக்காது. இவ்வளவையும் பார்த்த பிறகும் அவரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. ஒளிவதற்கு இது நல்ல இடம்.

கலைஞர்களே மற்றவர்களின் தரவை எடுப்பது சரியா?

நியாயமான கேள்வி. ஹெதர் டூயி ஹாக்போர்க் 2012–13-இல் நியூயார்க் தெருக்களில் கிடந்த முடி, மென்று துப்பிய சூயிங்கம், சிகரெட் துண்டு ஆகியவற்றை எடுத்து, மரபணுவைப் பிரித்து, அதிலிருந்து ஊகித்த முகங்களை முப்பரிமாண அச்சில் எடுத்து மாட்டினார். யாரிடமும் கேட்கவில்லை. மரபணு கண் நிறத்தையும் பரம்பரையின் பகுதியையும் சொல்லும், மற்றபடி முகம் பெரும்பாலும் ஊகம். எச்சரிக்கத்தான் செய்தேன் என்றார். சில ஆண்டுகளிலேயே மரபணுவிலிருந்து முகம் வரைந்து தரும் சேவையைத் தனியார் நிறுவனங்கள் காவல்துறைக்கு விற்கத் தொடங்கின. எச்சரிக்கை பலித்தது. ஆனாலும் அந்தச் சூயிங்கத்தைத் துப்பியவருக்கு இதில் சொல்ல ஏதாவது இருந்திருக்கும், அவரைக் கேட்காதது எனக்கு உறுத்துகிறது.

கற்பனைப் பாத்திரத்துக்கும் அடையாளம் உண்டா?

1999-இல் பியர் ஹுயிக், ஃபிலிப் பரேனோ என்ற இரு பிரெஞ்சுக் கலைஞர்கள் ஜப்பானிய நிறுவனம் ஒன்றிடமிருந்து ஒரு கார்ட்டூன் பெண்ணை 46,000 யென்னுக்கு வாங்கினார்கள். விலை குறைவு, ஏனென்றால் பின்னணிக் கூட்டத்தில் நிறுத்தி மறந்துவிடும் ரகப் பாத்திரம். ஆன்லீ என்று பெயரிட்டார்கள். பல கலைஞர்கள் அவளுக்குக் குரலும் கதையும் கொடுத்தார்கள். 2002-இல் சட்டப்படி ஒப்பந்தம் எழுதி, அவள் உருவத்தின் உரிமையை அவளுக்கே மாற்றிக்கொடுத்தார்கள். இனி யாரும் அவளைப் பயன்படுத்த முடியாது. தன் உருவத்தின் மீது இவ்வளவு தெளிவான உரிமை ஒரு கோட்டுச்சித்திரத்துக்குக் கிடைத்திருக்கிறது. நமக்கு இல்லை.

செயற்கை நுண்ணறிவு வரைந்த ஓவியங்கள்?

2018-இல் ‘எட்மண்ட் டி பெலாமி’ என்ற உருவப்படம் ஏலத்தில் 4,32,500 டாலருக்குப் போனது. சுமார் 15,000 பழைய உருவப்படங்களிலிருந்து கற்ற நிரல் உருவாக்கியது, கையொப்பத்தின் இடத்தில் கணிதச் சூத்திரம். செய்தியாகப் பெரியது, படமாகச் சாதாரணம். 2023-இல் போரிஸ் எல்டாக்சன் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படத்தைச் சோனி உலகப் புகைப்பட விருதுகளுக்கு அனுப்பி, பரிசு கிடைத்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதிலாவது கேள்வி இருந்தது.

இந்தக் கலை எல்லாமே தொழில்நுட்பத்துக்கு எதிரானதா?

இல்லை. பைக் டிவியை நேசித்தவர். ஹார்பிசனுக்கு ஆண்டெனா வரம். லோசானோ ஹெம்மெரே 2006-இல் ‘நாடித்துடிப்பு அறை’ செய்தார். கைப்பிடியைப் பற்றினால் உங்கள் இதயத்துடிப்பின் தாளத்தில் ஒரு பல்பு மின்னும். விட்டதும் அந்தத் துடிப்பு வரிசையில் அடுத்த பல்புக்கு நகரும், ஏற்கெனவே இருந்தவை ஒவ்வொரு இடம் தள்ளிப்போகும், வரிசையின் கடைசித் துடிப்பு அணைந்துபோகும். உணரி, தரவு, சேமிப்பு எல்லாம் இங்கேயும் உண்டு. ஆனால் உங்கள் பெயரை யாரும் கேட்கவில்லை.

பழைய டிவிகள் பழுதானால் படைப்பு என்ன ஆகும்?

அருங்காட்சியகங்களுக்கு இது தீராத தலைவலி. குழல்வகை டிவி தயாரிப்பு நின்றுவிட்டது. உள்ளே தட்டைத்திரை பொருத்தலாமா, கூடாதா என்று படைப்புக்குப் படைப்பு சண்டை நடக்கிறது.

கண்காட்சியில் நின்றால் ஒன்றும் புரிவதில்லை. என்ன செய்வது?

விளக்க அட்டையைக் கடைசியில் படியுங்கள். முதலில் கேமரா எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பிறகு திரை எங்கே, நீங்கள் நகர்ந்தால் எது மாறுகிறது, உங்களிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்கிறதா, எடுத்ததை யாரிடம் காட்டுகிறது என்று பாருங்கள். எதுவும் மாறவில்லை, எதுவும் எடுக்கப்படவில்லை, வண்ணங்கள் மட்டும் சுழல்கின்றன என்றால் அடுத்த அறைக்குப் போகலாம், குற்ற உணர்வு வேண்டாம். வெளியே வந்த பிறகு அட்டை நினைவில் இல்லாமல் நின்ற இடம் நினைவில் இருந்தால், அதே படைப்பை இன்னொரு நாள் கூட்டமில்லாத நேரத்தில் போய்ப் பாருங்கள். நாமனின் நடைவழி போன்றவற்றில் முன்னால் யாராவது போய்க்கொண்டிருந்தால் திரையில் தெரிவது அவர் முதுகாகவும் இருக்கலாம்.